உரிமமும் உறைவிடமும்: அயல்நிலத்தில் வாழும் தொழில்சாரா மிதிவண்டிப் பந்தய வீரர்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பணியின் பொருட்டோ கல்வியின் பொருட்டோ தாய்நாட்டை விட்டுப் பிறிதொரு நாட்டில் குடியேறும் ஒருவர், அங்கு மிதிவண்டிப் பந்தயங்களில் கலந்துகொள்ள விரும்புகிறார் எனக் கொள்வோம். அவர் அதைப் பிழைப்பாகக் கொண்டவர் அல்லர். வார இறுதியில் ஓட்டி மகிழும் தொழில்சாரா வீரர். ஆயினும் அதிகாரபூர்வப் பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் நிற்க அவருக்கு ஓர் உரிமம் தேவை. அதனை எந்த நாட்டுக் கூட்டமைப்பிடம் கேட்பது? பிறந்த நாட்டிடமா, வாழும் நாட்டிடமா? அவ்வுரிமத்தைப் பெற்றபின் அவர் எந்த நாட்டின் வீரராகக் கருதப்படுவார்?

மேலோட்டமாக நோக்கின் இவை அலுவலகப் படிவம் தொடர்பான வினாக்களாகவே தோன்றும். எனினும் இவ்வினாக்களுக்கு வெவ்வேறு காலங்களில் வழங்கப்பட்ட விடைகளைத் தொகுத்து நோக்கும்போது, 'யார் நம்மவர்' என்பதை விளையாட்டு அமைப்புகள் எவ்வாறு வரையறுத்துள்ளன என்பது புலனாகிறது. புலம்பெயர்வை வரலாறாகக் கொண்ட மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நமக்கு இப்பொருள் அந்நியமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு இன்று வரை பந்தய உரிமம் கடந்து வந்த பாதையைச் சில தெளிவான நிகழ்வுகளின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழில்சாரா வீரர் எனும் கருத்தாக்கம்

பந்தய உரிமத்தின் வரலாற்றை அறிய, முதலில் 'தொழில்சாரா வீரர்' எனும் கருத்தாக்கத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். இன்று நாம் இச்சொல்லைப் பணம் பெறாமல் விளையாடுபவரைக் குறிக்கப் பயன்படுத்துகிறோம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இதன் பொருள் இதனினும் குறுகியதாக இருந்தது. 1866இல் இலண்டனில் தோன்றிய தொழில்சாராத் தடகளக் கழகத்தின் விதி, பரிசுப் பணத்திற்காகப் போட்டியிட்டவர்களை மட்டுமன்றி, கைவினைஞர், இயந்திரப் பணியாளர், உடலுழைப்புத் தொழிலாளி ஆகியோரையும் விலக்கி வைத்தது. பணம் பெறாமல் ஓடினாலும், கையால் உழைத்து வாழ்பவர் 'தொழில்சாரா வீரர்' ஆக முடியாது என்பதே இதன் உட்பொருள். 1880இல் உருவான தொழில்சாராத் தடகளச் சங்கம் இத்தடையைக் கைவிட்டது. ஆயினும் விதி மறைந்த பின்னரும் அதன் பின்னிருந்த மனப்பான்மை நெடுநாள் நீடித்தது. பின்வரும் பகுதியொன்றில் அதனை ஏதென்ஸ் நகரிலேயே நாம் சந்திக்கவுள்ளோம்.

மிதிவண்டித் துறையில் இச்சிக்கல் வேறொரு வடிவம் கொண்டது. மிதிவண்டி ஒரு தொழிற்சாலைப் பொருள். அதனை உற்பத்தி செய்த நிறுவனங்கள் வெற்றி பெறும் வீரர்களைத் தம் விளம்பரத்திற்குப் பயன்படுத்த முனைந்தன. வீரர் பணம் பெறாவிடினும் வண்டி பெற்றார். வண்டி பெறாவிடினும் பயணச் செலவு பெற்றார். ஆகவே யார் உண்மையில் தொழில்சாராதவர் என்பதைச் சான்றளிக்க ஓர் ஆவணம் வேண்டியதாயிற்று. அந்த ஆவணமே பந்தய உரிமம்.

உரிமத்தின் தோற்றமும் சிம்மர்மன் வழக்கும்

இங்கிலாந்தில் 1878இல் மிதிவண்டி ஒன்றியம் எனும் பெயரில் தொடங்கப்பட்ட அமைப்பு, 1883இல் தேசிய மிதிவண்டியோட்டிகள் ஒன்றியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தம் வீரர்களின் 'தூய்மை'யைக் காக்கும் பொருட்டு இவ்வமைப்பு உரிம முறையைக் கையாண்டது. அம்முறையின் பிடியில் சிக்கியவர்களுள் பெரும்புகழ் வாய்ந்தவர் ஆர்தர் அகஸ்டஸ் சிம்மர்மன் எனும் அமெரிக்கர் ஆவார்.

1869இல் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்த சிம்மர்மன், 1892இல் இங்கிலாந்து சென்று அங்குள்ள சிறந்த வீரர்களை வென்றார். மறு ஆண்டு அவர் மீண்டும் சென்றபோது, ராலே மிதிவண்டி நிறுவனத்துடன் அவருக்கிருந்த தொடர்பைச் சுட்டிக்காட்டி, தொழில்சாரா வீரருக்குரிய உரிமத்தை ஆங்கில ஒன்றியம் மறுத்துவிட்டது. அதே 1893ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சிக்காகோவில் முதல் உலக மிதிவண்டிப் போட்டிகள் நடைபெற்றன. தொழில்சாரா வீரர்களுக்கான அப்போட்டிகளில் சிம்மர்மன் பங்கேற்று உலகப் பட்டம் வென்றார். அட்லாண்டிக் பெருங்கடலின் ஒரு கரையில் அவர் தொழில்சாராதவர், மறுகரையில் அல்லர். ஒரே மனிதர், ஒரே ஆண்டு. வேறுபட்டது உரிமம் வழங்கும் அமைப்பு மட்டுமே.

இத்தகைய முரண்பாடுகளைக் களையும் பொருட்டே ஆங்கிலேயரான ஹென்றி ஸ்டர்மி 1892இல் அனைத்துலக மிதிவண்டியோட்டிகள் சங்கம் உருவாக முனைந்து செயற்பட்டார். வெவ்வேறு நாடுகளின் வீரர்கள் ஒரே விதியின் கீழ்ப் போட்டியிட வேண்டும் என்பது அவரது எண்ணம். சிக்காகோ போட்டி இச்சங்கத்தின் ஆதரவில் நடைபெற்றதே ஆகும். அங்கு 100 கிலோமீட்டர் பந்தயத்தில் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த லாரன்ஸ் மைன்ட்ஜெஸ் வெற்றி பெற்றார். இதன்வழி, தொடக்கத்திலேயே இவ்விளையாட்டு ஐரோப்பிய எல்லையைக் கடந்திருந்தமை தெளிவாகிறது. எனினும் 'தொழில்சாரா வீரர்' என்பதற்கு அனைவரும் ஏற்கும் பொருள் மட்டும் அமையவில்லை.

ஏதென்ஸ் 1896: தூதரகப் பணியாளர் இருவர்

அயல்நாட்டில் வாழும் வீரரின் நிலையை மிகக் கூர்மையாக வெளிப்படுத்தும் நிகழ்வு 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் போட்டியில் நிகழ்ந்தது. அப்போட்டியில் பிரிட்டனின் சார்பில் மிதிவண்டி ஓட்டியவர்கள் எட்வர்ட் பாட்டெல், ஃபிரெடெரிக் கீப்பிங் ஆகிய இருவர். இவர்கள் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் அல்லர்; ஏதென்ஸ் நகரிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் பணியாளர்களாக வேலை செய்து வந்தவர்கள்.

இவர்கள் போட்டியிட முன்வந்தபோது எதிர்ப்பு கிரேக்கர்களிடமிருந்து எழவில்லை. அந்நகரில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடியேறிகளே எதிர்த்தனர். ஏவல் பணியில் இருப்போர் கனவான்கள் ஆகமாட்டார். கனவான் அல்லாதோர் தொழில்சாரா வீரர் ஆகமாட்டார் என்பது அவர்கள் வாதம். முப்பது ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் எழுதப்பட்ட விதியின் எதிரொலியை இங்கு நாம் தெளிவாகக் கேட்கிறோம். எனினும் அம்முயற்சி வெற்றி பெறவில்லை. இருவரும் களமிறங்கினர்.

ஏப்ரல் 12ஆம் நாள் நடைபெற்ற சாலைப் பந்தயம் ஏதென்ஸிலிருந்து மாரத்தான் சென்று திரும்பும் 87 கிலோமீட்டர் தொலைவு கொண்டது. வீரர்கள் மாரத்தானை அடைந்ததும் தாளொன்றில் கையொப்பமிட்டுவிட்டே திரும்ப வேண்டும். கிரேக்கரான அரிஸ்டிடிஸ் கான்ஸ்டான்டினிடிஸ் முதலிடம் பெற்றார். மொராவியாவில் பிறந்து ஜெர்மனியின் சார்பில் ஓட்டிய ஆகஸ்ட் வான் கோட்ரிச் இரண்டாவதாக வந்தார். பாட்டெல் மூன்றாமிடம் பெற்றார். மறுநாள் அதிகாலை தொடங்கிய பன்னிரண்டு மணிநேரப் பந்தயத்தில் இறுதிவரை நின்றவர்கள் இருவரே. ஆஸ்திரியரான அடால்ஃப் ஷ்மால் 314.997 கிலோமீட்டர் ஓட்டி வென்றார். கீப்பிங் ஓட்டியது 314.664 கிலோமீட்டர். பன்னிரண்டு மணிநேர உழைப்பிற்குப் பின் இருவருக்கும் இடையே இருந்த தொலைவு ஓடுதளத்தின் ஒரே ஒரு சுற்று மட்டுமே.

இந்நிகழ்வில் நாம் கருத வேண்டியவை இரண்டு. முதலாவது, அயல்நிலத்தில் வாழ்ந்தமையே இவ்விருவருக்கும் வாய்ப்பாக அமைந்தது. தாய்நாட்டில் தேர்வுக் குழு ஒன்றின் முன் நின்றிருந்தால் தூதரகப் பணியாளர் இருவர் தெரிவு செய்யப்பட்டிருப்பரா என்பது ஐயமே. இரண்டாவது, அவர்களைத் தடுக்க முயன்றோரும் அதே அயல்நிலத்தில் வாழ்ந்த அவர்தம் நாட்டவரே. தாயகத்தில் தளரத் தொடங்கிய சமூகப் படிநிலை, குடியேறியோரிடையே இறுக்கமாகப் பேணப்படுவது புலம்பெயர் சமூகங்களில் நாம் காணும் பொதுக்கூறுகளுள் ஒன்றாகும். நம் தோட்டப்புற வரலாற்றைப் பயின்றோர்க்கு இது புதிதன்று.

சொந்த மண்ணில் அயலார்: டெய்லரின் நிலை

அயல்நாட்டில் வாழ்வோர்க்கு மட்டுமே உரிமம் சிக்கலானது எனக் கருதுதல் பிழையாகும். அமெரிக்காவில் மிதிவண்டிப் பந்தயங்களைக் கட்டுப்படுத்தி வந்த அமெரிக்க மிதிவண்டியோட்டிகள் கழகம், 1894இல் லூயிவில் நகரில் கூடியபோது வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் எனத் தீர்மானித்தது. 1878இல் இண்டியானாபொலிஸில் பிறந்த கறுப்பின வீரரான மார்ஷல் வால்ட்டர் டெய்லர், தாம் பிறந்த நாட்டிலேயே கழகத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். உறுப்பினராகும் தகுதி மறுக்கப்பட்டாலும் பந்தயத்தில் ஓட்டும் வாய்ப்பு முற்றிலும் அடைபடவில்லை. 1896இல் தொழில்முறை வீரரான அவர், 1899இல் கனடாவின் மொன்ட்ரியால் நகரில் உலகப் பட்டம் வென்றார். 1901இல் ஐரோப்பாவில் பெரும் வரவேற்பைப் பெற்றார்.

டெய்லர் தொழில்முறை வீரராகையால் இக்கட்டுரையின் எல்லைக்கு ஓரளவு அப்பாற்பட்டவரே. ஆயினும் ஒப்பீட்டின் பொருட்டு அவரை இங்குக் குறிப்பிட வேண்டியுள்ளது. பாட்டெல், கீப்பிங் ஆகியோரை நோக்கி எழுப்பப்பட்ட வினா 'நீ என்ன வேலை செய்கிறாய்' என்பது. டெய்லரை நோக்கி எழுப்பப்பட்டது 'நீ எந்த நிறத்தவன்' என்பது. இரண்டுமே எவ்வளவு விரைவாக ஓட்டுகிறாய் என்பதற்குத் தொடர்பற்றவை. அக்கழகத்தின் வழிவந்த அமைப்பு, இந்நிறத் தடையை முறைப்படி விலக்கிக்கொண்டது 1999இல்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு நாட்டிற்கு ஓர் அமைப்பு

1900ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பாரிஸில் அனைத்துலக மிதிவண்டி ஒன்றியம் நிறுவப்பட்டது. பெல்ஜியம், அமெரிக்கா, பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் அமைப்புகள் இதில் இணைந்தன. பழைய சங்கத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து என ஒரே அரசின் பகுதிகள் தனித்தனி இடம் கோரியமை பிற நாடுகளின் வெறுப்புக்குக் காரணமாயிற்று. அதனால் பிரிட்டன் தொடக்கத்தில் புதிய ஒன்றியத்தில் இடம்பெறவில்லை; 1903இல்தான் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

இதன்வழி நிலைபெற்ற கோட்பாடு, ஒரு நாட்டிற்கு ஓர் அங்கீகரிக்கப்பட்ட கூட்டமைப்பு என்பதாகும். அக்கூட்டமைப்பு வழங்கும் உரிமமே பிற நாடுகளில் செல்லுபடியாகும். ஒழுங்கமைப்பு நோக்கில் இது பயனுள்ள ஏற்பாடே. எனினும் தேசியக் கூட்டமைப்போடு கருத்து வேறுபடுவோர்க்கு வேறு வாயில் இல்லாமற்போனது.

இதற்கு இங்கிலாந்தே சான்று. பொதுச்சாலைகளில் வீரர்கள் ஒருசேரப் புறப்படும் பந்தயத்தை அங்கிருந்த தேசிய ஒன்றியம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே ஏற்கவில்லை. உலகப் போட்டிகளில் பங்கேற்று ஐரோப்பியச் சாலைப் பந்தய முறையை நேரில் கண்டிருந்த பெர்சி ஸ்டாலர்ட், 1942ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் லாங்கோலனிலிருந்து வுல்வர்ஹாம்ப்டன் வரை அத்தகைய பந்தயமொன்றை நடத்திக் காட்டினார். அதற்காக அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டே பிரிட்டிஷ் மிதிவண்டிப் பந்தயக் கழகம் எனும் போட்டி அமைப்பு தோன்றியது. அங்கீகாரம் தேசிய ஒன்றியத்திடமே இருந்தமையால், புதிய கழகத்தின் வீரர்கள் வெளிநாட்டில் பந்தயமோட முயன்றபோது இடர்ப்பட்டனர். இரு தரப்பும் 1959இல் ஒன்றிணைந்து பிரிட்டிஷ் மிதிவண்டிக் கூட்டமைப்பாக மாறிய பின்னரே இப்பூசல் ஓய்ந்தது. எனவே உரிமம் என்பது வீரரின் திறனுக்குரிய சான்று மட்டுமன்று. அதை வழங்கும் அமைப்பின் அதிகாரத்திற்குரிய கருவியும் ஆகும் என்பதை நாம் உணர முடிகிறது.

பாரிஸ் கழகமும் அயல்நாட்டு இளைஞர்களும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஆங்கிலம் பேசும் நாடுகளைச் சேர்ந்த இளம் வீரர்கள் பிரான்சை நோக்கிச் செல்லும் போக்கு வலுப்பெற்றது. சாலைப் பந்தயத்தின் உயர்நிலை அங்கும் பெல்ஜியத்திலும் இத்தாலியிலுமே இருந்தது. அங்குத் தொழில்முறை ஒப்பந்தம் பெற வேண்டுமாயின், முதலில் அந்நாட்டின் தொழில்சாரா பந்தயங்களில் வென்று காட்ட வேண்டும். அதற்கு உள்ளூர்க் கழகம் ஒன்றில் சேர்வதே வழி.

இவ்வகையில் பாரிஸ் நகரையொட்டிய பூலோன்-பியான்கூர் தடகளக் கழகம் சிறப்பிடம் பெறுகிறது. டப்ளினைச் சேர்ந்த ஷே எலியட் 1955இல் இக்கழகத்தில் சேர்ந்து ஓட்டினார். மறு ஆண்டு தொழில்முறை வீரரானார். 1963இல் பிரான்சு சுற்றுப் பந்தயத்தின் மஞ்சள் சட்டையை அணிந்த முதல் அயர்லாந்து வீரரானார். 1979இல் இங்கு வந்த ஃபில் ஆண்டர்சன், இலண்டனில் பிறந்து மெல்பர்னில் வளர்ந்தவர். இரண்டே ஆண்டுகளில், அதாவது 1981இல், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்து மஞ்சள் சட்டை அணிந்த முதல் வீரர் எனும் பெருமையைப் பெற்றார். 1980இல் சேர்ந்த டப்ளின் வீரர் ஸ்டீவன் ரோச், 1987இல் இத்தாலி சுற்று, பிரான்சு சுற்று, உலகப் பட்டம் ஆகிய மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றார்.

வெற்றி பெற்றோரின் பெயர்களையே வரலாறு நினைவில் வைத்துள்ளது. அவர்களோடு வந்து, மொழி தெரியாமலும் பணமின்றியும் ஓரிரு ஆண்டுகள் ஓட்டிவிட்டுத் திரும்பியோரின் எண்ணிக்கை இதனினும் மிகுதி. தங்குமிடம், உணவு, வண்டி ஆகியவற்றுக்குக் கழகத்தையே நம்பியிருந்த இவ்விளைஞர்களுக்கு, உரிமம் என்பது வெறும் பந்தய அனுமதி மட்டுமன்று; அந்நிய ஊரில் தமக்கென ஓர் இடம் உண்டு என்பதற்கான ஒரே எழுத்துச் சான்றாகவும் அது விளங்கியது எனலாம்.

பிளவும் இணைப்பும்

1965இல் அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் வற்புறுத்தலால் மிதிவண்டி ஒன்றியம் தன் பணியை இரண்டாகப் பிரித்தது. தொழில்சாரா வீரர்களுக்கான கூட்டமைப்பு ரோமிலும், தொழில்முறை வீரர்களுக்கான கூட்டமைப்பு லக்சம்பர்க்கிலும் இயங்கின. ஒலிம்பிக் போட்டி தொழில்சாரா வீரர்களுக்கு மட்டுமே என்ற கொள்கையைக் காப்பதே இதன் நோக்கம். ஆனால் கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் அரசின் முழு ஆதரவில் ஆண்டு முழுவதும் பயிற்சி பெற்றோரும் தொழில்சாரா உரிமமே வைத்திருந்தனர். அதனால் அச்சொல் தன் பொருளைப் படிப்படியாக இழந்தது.

1992இல் இரு கூட்டமைப்புகளும் மீண்டும் தாய் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டன. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தொழில்முறை வீரர்கள் அனுமதிக்கப்பட்டனர். ஐந்து முறை பிரான்சு சுற்றை வென்ற மிகேல் இந்துராயின் அங்கு நேரச் சோதனைப் பந்தயத்தில் தங்கம் வென்றார். 1866இல் தொடங்கிய நீண்ட விவாதம் இவ்வாறு ஓய்ந்தது. உரிமம் மட்டும் மறையவில்லை. அது எழுப்பும் வினாதான் மாறியது.

இன்றைய விதி: வாழும் இடமே முதன்மை

அனைத்துலக மிதிவண்டி ஒன்றியத்தின் விதிகள், உரிமத்தை ஓர் அடையாள ஆவணமாகக் கருதுகின்றன. அதைப் பெறுபவர் விளையாட்டின் விதிகளுக்குக் கட்டுப்படுவதாக உறுதி கூறுகிறார்; அதற்கு ஈடாகப் பந்தயங்களில் கலந்துகொள்ளும் தகுதியைப் பெறுகிறார். அயல்நாட்டில் வாழ்வோரைப் பொறுத்தவரை இவ்விதிகளில் மூன்று கூறுகள் முதன்மையானவை.

முதலாவது, விண்ணப்பிக்கும் நேரத்தில் ஒருவரின் முதன்மை உறைவிடம் எந்நாட்டில் உள்ளதோ, அந்நாட்டுக் கூட்டமைப்பே அவருக்கு உரிமம் வழங்கும். உறைவிடம் எது என்பது அந்நாட்டுச் சட்டத்தின்படி முடிவு செய்யப்படும். ஆண்டின் இடையில் வேறு நாட்டிற்குக் குடிபெயர்ந்தாலும், உரிமம் காலாவதியாகும் வரை அவர் பழைய கூட்டமைப்பையே சார்ந்திருப்பார். இரண்டாவது, ஒருவர் ஒரே காலத்தில் ஒரு கூட்டமைப்பின் உரிமத்தை மட்டுமே வைத்திருக்கலாம். மூன்றாவது, உரிமம் வழங்கிய நாடு வேறு, நாட்டுரிமை வேறு. உலகப் போட்டி போன்றவற்றில் ஒருவர் தம் குடியுரிமைக்குரிய நாட்டின் சார்பிலேயே களமிறங்குவார். உரிமம் எங்கிருந்து பெறப்பட்டது என்பது அதனைப் பாதிக்காது.

இவ்விதியை நம் சூழலில் பொருத்திப் பார்ப்போம். ஈப்போவில் பிறந்த மலேசியக் குடிமகன் ஒருவர், பணியின் பொருட்டுச் சிங்கப்பூரில் குடியிருக்கிறார். அவர் சிங்கப்பூர்க் கூட்டமைப்பிடமே உரிமம் கேட்க வேண்டும். ஆனால் அதனால் அவர் சிங்கப்பூர் வீரராகிவிடமாட்டார். உலகப் போட்டிக்குத் தெரிவு செய்யப்படுவாராயின் மலேசியாவின் சட்டையையே அணிவார். மற்றொருவர் ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு நாள்தோறும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அவர் பணியிடம் சிங்கப்பூராயினும் உறைவிடம் மலேசியா. ஆகவே மலேசியக் கூட்டமைப்பையே நாட வேண்டும். வேலை செய்யும் இடமன்று, வாழும் இடமே கணக்கில் கொள்ளப்படுகிறது. பாட்டெல், கீப்பிங் காலத்தில் 'என்ன வேலை' என்று கேட்ட உரிமம், இன்று 'எங்கு வாழ்கிறாய்' என்று மட்டுமே கேட்கிறது. நூற்று முப்பது ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தின் சாரம் இதுவே.

கென்யா வீரர் ஒருவரின் மின்னஞ்சல்

விதி தெளிவாக இருப்பினும், அதைச் செயற்படுத்தும் கூட்டமைப்பு வலுவற்றதாயின் வீரர் தவிக்க நேரிடும். 1985இல் நைரோபியில் ஆங்கிலேய வழிவந்த குடும்பத்தில் பிறந்த கிறிஸ் ஃபுரூம், பள்ளிக் கல்வியைத் தென்னாப்பிரிக்காவில் தொடர்ந்தார். கல்வி ஒரு நாட்டில். குடியுரிமையும் கூட்டமைப்பும் மற்றொரு நாட்டில். 2006இல் மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் கென்யாவின் சார்பில் ஓட்டினார். அதே ஆண்டு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் நடைபெற்ற இளையோர் உலகப் போட்டிக்குத் தம் பெயரைச் சேர்க்க, கூட்டமைப்பு அதிகாரி ஒருவரின் மின்னஞ்சல் கணக்கைத் தாமே பயன்படுத்தி விண்ணப்பம் அனுப்பியதாக அவர் பின்னாளில் தம் தன்வரலாற்று நூலில் ஒப்புக்கொண்டுள்ளார். துணையின்றித் தனியே அங்குச் சென்ற அவர், நேரச் சோதனைப் பந்தயத்தில் புறப்பட்ட சில நொடிகளிலேயே அலுவலர் ஒருவர்மீது மோதி விழுந்தார்.

2008இல் அவர் கென்ய உரிமத்திலிருந்து பிரிட்டிஷ் உரிமத்திற்கு மாறினார். பின்னர் 2013, 2015, 2016, 2017 ஆகிய நான்கு ஆண்டுகளில் பிரான்சு சுற்றை வென்றார். அவர் செய்தது முறையன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் விண்ணப்பத்தை அனுப்பக்கூட ஆளில்லாத கூட்டமைப்புகளின் கீழ் வாழும் இளைஞர் எத்தனையோ பேர். அவர்களுள் பிறிதொரு நாட்டின் கடப்பிதழைப் பெறும் வாய்ப்புடையோர் மிகச் சிலரே. ஃபுரூமுக்கு இருந்த அந்த வாய்ப்பு அவரது கென்யத் தோழர்களுக்கு இருந்ததில்லை.

ஏதிலியரும் உரிமமும்

உறைவிடத்தை அடிப்படையாகக் கொண்ட விதியின் மெய்யான மதிப்பு, தாய்நாட்டிற்குத் திரும்ப இயலாதோரின் வாழ்வில் வெளிப்படுகிறது. ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த மசூமா அலி சாதா, காபூலில் மிதிவண்டி ஓட்டியதற்காக எதிர்ப்புகளைச் சந்தித்தவர். பிரான்சில் தஞ்சம் பெற்ற அவர், 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் ஏதிலியர் அணியின் சார்பில் நேரச் சோதனைப் பந்தயத்தில் பங்கேற்றார். சிரியாவிலிருந்து வெளியேறிச் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அகமது பத்ரெதீன் வைஸும் அவ்வணியில் இடம்பெற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுவீடனில் வாழும் ஆப்கானியரான அமீர் அன்சாரி, பிரான்சில் வாழும் எத்தியோப்பியரான எயெரு கெப்ரு ஆகியோர் அவ்வணியில் ஓட்டினர்.

2021இல் ஆப்கானிஸ்தானில் ஆட்சி மாறியபின் பெண் வீரர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஆப்கானிய மகளிர் தேசியச் சாலைப் பந்தயம் சுவிட்சர்லாந்தின் எயிக்ல் நகரில் நடத்தப்பட்டது. வெவ்வேறு நாடுகளில் சிதறி வாழ்ந்த பெண்கள் அங்கு ஒன்றுகூடினர். ஃபரிபா ஹாஷிமி வென்றார். அவர் தமக்கை யுல்துஸ் இரண்டாமிடம் பெற்றார். தாய்நாட்டு மண்ணில் ஓட்ட இயலாத தேசியப் பந்தயம் அயல்நிலத்தில் நடைபெற்றது. இரண்டாண்டுகளுக்குப் பின் இச்சகோதரிகள் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆப்கானிஸ்தானின் பெயரிலேயே ஓட்டினர். வாழும் நாடு வேறாயினும் சார்ந்த நாட்டை இழக்க வேண்டியதில்லை என்னும் கோட்பாட்டிற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நம் வட்டாரத்திலும் இதற்கு இணையான ஒரு படிப்பினை உண்டு. திரங்கானு மாநிலத்தின் டுங்குன் வட்டாரத்தைச் சேர்ந்த அசிசுல்ஹாஸ்னி அவாங், மெல்பர்னில் நெடுங்காலம் தங்கிப் பயிற்சி பெற்றவர். அங்கிருந்தே அவர் 2016 ரியோவில் வெண்கலமும், 2017இல் கெய்ரின் உலகப் பட்டமும், தோக்கியோவில் வெள்ளியும் மலேசியாவிற்குப் பெற்றுத் தந்தார். அவருக்கு முன்னர் 1988, 1992 ஒலிம்பிக் போட்டிகளில் மலேசியாவின் சார்பில் மிதிவண்டி ஓட்டிய முருகையன் குமரேசன் போன்றோரை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். அயலில் வாழ்வது பற்றின்மையைக் குறிக்காது என்பதை வகுப்பறையில் விளக்க, இத்தகைய சான்றுகள் பெரிதும் துணைபுரியும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், பந்தய உரிமம் வீரரிடம் மூன்று வினாக்களை மாறி மாறி எழுப்பியுள்ளமை புலப்படும். என்ன தொழில் செய்கிறாய் என்று அது முதலில் கேட்டது. எந்த இனத்தவன் என்றும் சில இடங்களில் கேட்டது. இன்று எங்கு வாழ்கிறாய் என்று கேட்கிறது. முதலிரண்டும் மனிதரைத் தரம் பிரித்து விலக்கும் வினாக்கள். மூன்றாவது, அவர் இருக்கும் இடத்திலேயே அவரை ஏற்றுக்கொள்ளும் வினா. எனினும் அதற்கு விடையளிக்க முகவரியும் ஆவணமும் வேண்டும். நிலையான உறைவிடமே மறுக்கப்பட்டோர்க்கு இவ்விதியும் போதுமானதாகாது என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழில் உரிமை, உரிமம் ஆகிய இரு சொற்களும் ஒரே வேரில் தோன்றியவை. உரிமை என்பது ஒருவருக்கு இயல்பாக உரியது. உரிமம் என்பது பிறரால் வழங்கப்படுவது. அயல்நிலத்தில் வாழும் வீரரின் வரலாறு, இவ்விரு சொற்களுக்கும் இடையிலான தொலைவைக் குறைக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சியின் வரலாறே ஆகும். ஏதென்ஸில் கீப்பிங்கிற்கும் வெற்றிக்கும் இடையே ஒரு சுற்று எஞ்சியிருந்தது. உரிமத்திற்கும் உரிமைக்கும் இடையே இன்னும் சில சுற்றுகள் எஞ்சியுள்ளன.